பதினைந்து புள்ளி ஒன்று

ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் ஒட்டி வந்த பச்சைத் தாளை
நெய்னா முகம்மது கிழிக்கவே இல்லை.
லிட்டருக்குப் பதினைந்து புள்ளி ஒன்று.
ருவைஸ் யார்டில் ஹைபிரிட் பிக்கப் வந்திறங்கிய அன்று
மேனேஜர் வஜீஹ் முதலில் படமெடுத்தது அந்த எண்ணைத்தான்.
வண்டியை அப்புறம்.

ஜூனில் என் எக்செல் காட்டியது ஒன்பது புள்ளி நாலு.
ஜூலையில் எட்டு புள்ளி ஏழு.
இடைவெளியைத் திர்ஹமாக்கித் தரச் சொன்னார்கள்.
ஆக்கினேன், அதற்குத்தான் சம்பளம்.
நூற்றிருபத்தேழு லிட்டர். முந்நூற்று நாற்பத்து மூன்று.
"விற்கிறானா, பார்" என்றார் வஜீஹ்
தேநீரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை
நெய்னாவின் பக்கத்து சீட்டில் நான், மடியில் நோட்டு.
எதற்கு வந்தேன் என்று அவன் கேட்கவில்லை.
தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்தான்.

காலை ஐந்தரைக்கு
கேம்ப் கேட்வரை மின்சாரத்திலேயே நழுவியது வண்டி,
பால் குடித்துவிட்டுப் போகும் பூனை மாதிரி.
திரையில் பதினெட்டு.
"இப்பவே எழுதிக்கங்கண்ணே,
இதுக்கு மேல ஏறாது."
எழுதினேன்.

நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று.
பின்னால் எண்ணூறு கிலோ இரும்பு வளையங்கள்.
பதினொன்று.
கயாதி தாண்டி மணலில் இறங்கினோம்.
அவன் குனிந்து நாலு டயரிலும் காற்றைக் குறைத்தான்.
ஏழு.

அந்தப் பதினைந்தை ஓட்டிக் காட்டியவரை
எனக்குத் தெரியாது.
ஏதோ ஓர் அறையில், உருளைகளின் மேல்,
இதமான குளிரில்,
பாரம் ஏற்றாமல், எங்கும் போகாமல் ஓட்டியிருப்பார்.
அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன்.
ஏட்டுச் சுரைக்காயும் சுரைக்காய்தான்,
ஏட்டுக்குள் இருக்கும்வரை.

பன்னிரண்டரைக்கு வேலை நின்றது.
மூன்று மணிவரை வெயிலில் ஆளை நிறுத்தக் கூடாது, சட்டம்.
நிழற்கூடம் இருக்கிறது, அதுவும் சட்டப்படி.
அதன் ஏசி செத்துப் பதினாறு நாள்.
நெய்னா நாலு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு
பேர் சொல்லிக் கூப்பிட்டான்:
தில் பகதூர், பிரபுல்ல நாயக்,
ஊத்தங்கரைச் சின்னராசு, இன்னும் எட்டுப் பேர்.
ஐந்து ஐந்து பேராய், ஆளுக்கு இருபது நிமிடம்.
முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்ததும்
யாரும் பேசவில்லை.
சின்னராசு காற்று வரும் துவாரத்தில்
நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டான்.

எஞ்சின் உறங்கும்.
நாலு நிமிடத்தில் பாட்டரி இளைக்க
தானே விழித்து உறுமும்.
திரும்ப உறங்கும்.
கைக்குழந்தை இருக்கும் வீட்டின் இரவு போல அந்த மதியம்.

நான் வெளியே, வண்டியின் குட்டை நிழலில்,
நோட்டைத் திறந்தேன்.
ஓடிய தூரம் பூஜ்யம்.
எரிந்தது மூன்று லிட்டர்.
லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?
பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நூற்றுத் தொண்ணூறு நான்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஆபீஸில்
தொடக்கம், முடிவு, லிட்டர் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில்
புதிதாய் ஒரு கட்டம் நுழைத்தேன்.
தலைப்பு வைக்கத் தெரியாமல்
'நின்றது' என்று போட்டேன்.
பதினோரு பேரையும் எழுதினேன், இருபது நிமிடக் கணக்கோடு.
மீதியைக் காற்றும் மணலும் குடித்தன என்பதை
எந்தக் கட்டத்திலும் எழுத முடியவில்லை.

வஜீஹ் நெடுநேரம் பார்த்தார்.
கல்நெஞ்சக்காரர் இல்லை அவர்.
"சரி, பாதி பிடித்துக்கொள்" என்றார்.
நூற்று எழுபத்தொன்றரை.
ஏசிக்கு ஆள் அனுப்புவதாகவும் சொன்னார்.

நெய்னாவிடம் தொகையைச் சொல்ல யார்டுக்குப் போனேன்.
தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.
வேறென்ன பேசுவதென்று தெரியாமல்,
இந்தத் தாளை இன்னும் ஏன் கிழிக்கவில்லை என்றேன்.

கதவில் முழங்கையை ஊன்றிக் காட்டினான்.
காலை வெயிலில்
சரியாக அந்தப் பதினைந்து புள்ளி ஒன்றின் அளவுக்கு
அவன் கையில் ஒரு துண்டு நிழல்.